மாசம் ரெண்டு ஜிபி

கம்ப்யூட்டரிலிருந்து வயர் நீட்டி, இணையத்துக்கான டேட்டா கார்டைச் சன்னல் கம்பியில் துணிக்கிழிசலால் இறுக்கிக் கட்டிவிட்டு, "ஏட்டி, சாளை வாங்கட்டா, நெத்திலி வாங்கட்டா?" என்று கேட்டான் யூஜின்.

ஷெர்லி அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். "நெத்திலிய ஆரு இருந்து ஆயதுக்கு? கெழங்குக்குச் சாளை போரும்."

"ஒனக்கு மடி, அதச் சொல்லு."

"மடிதான். நீங்க ஆஞ்சி தருவியளா, அப்பம் நெத்திலி வாங்குங்க."

அவன் சிரித்துக்கொண்டே கேமராவைக் கழுத்தில் மாட்டி, சாரலுக்கு அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தான். வாசலில் செருப்பைக் காலால் துழாவியபடி, "கம்ப்யூட்டரத் தொட்டுராத, கேட்டியா. எல்லாத்தையும் வரிசையில போட்டுட்டேன். வந்து பாதிய வெட்டணும்" என்றான்.

"வெட்டிட்டுப் போனா என்ன கொறஞ்சி போவும்?"

"வெளிச்சம் போயிரும். இந்தா, சாயா கொதிக்கதுக்குள்ள வந்திருவேன்."

அன்றைக்கு ஜூலை ஒன்றாம் தேதி. 2012ஆம் வருடம். முட்டத்துக் கடல் கறுத்துக் கிடந்தது. கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைகளில் அலை மோதுகிற சத்தம் வீட்டுக்குள் கேட்டது.

அந்த வீட்டில் ஒன்றாம் தேதிக்கு என்று ஒரு களை உண்டு. டேட்டா கார்டுக்கு மாதம் இரண்டு ஜிபி. அது தீர்ந்துவிட்டால் இணைப்பு அறுந்து போகாது. ஆனால் இழுத்துக்கொண்டு கிடக்கும். ஒரு படத்தை ஏற்றுவதற்குள் சோறு பொங்கி வடித்துவிடலாம். ஒன்றாம் தேதி பிறந்ததும் எல்லாம் புதிதாகிவிடும். யூஜின் தலை சீவி, சட்டை மாற்றிக்கொண்டுதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவான். "ஏதோ பூசைக்குப் போற மாதிரி" என்று ஷெர்லி பரிகசிப்பாள்.

அவன் முன்பு கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் படம் எடுத்துக்கொண்டிருந்தவன். மணவாளக்குறிச்சியில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ இருந்தது. ஆளுக்கு ஆள் கையில் கேமரா வந்த பிறகு அதைப் பூட்ட வேண்டியதாயிற்று. குவைத்தில் இருந்த தம்பி டிஜோதான், ஊருக்கு வந்த ஒருவர் கையில் பெரிய கேமரா ஒன்றைக் கொடுத்துவிட்டு, "அண்ணே, இனி கல்யாணம் எடுக்காண்டாம். ஒனக்க பாறையையும் கடலையும் எடுத்து நெட்டுல வில்லு. காலண்டர்காரனும் பேங்குக்காரனும் வாங்குவான். வெளிநாட்டுல இதுக்குன்னே கம்பெனி உண்டு" என்று சொல்லியிருந்தான்.

உண்மையாகவே வாங்கினார்கள். ஈரக் கயிற்றின் முடிச்சை யாரோ போலந்துக்காரன் வாங்கினான். மணலில் காய்கிற நெத்திலி எங்கோ ஒரு ஓட்டலின் சுவருக்குப் போயிற்று. ஆனால் கேமரா எவ்வளவு நல்லதோ, படமும் அவ்வளவு கனம். ஒவ்வொன்றும் எட்டு, பத்து எம்பி. கடல் கொதிக்கிற ஒரு காலையில் முந்நூறு படம் எடுத்துவிடுவான். அந்த மாதம் முழுக்க அனுப்ப முடிந்தது அதில் பாதியாக இருந்தால் அதிகம்.

"பெங்களூருல ஒருத்தன் தெனம் நூறு படம் ஏத்துகானாம் அண்ணே" என்பான் டிஜோ போனில். "நெறைய ஏத்துனாத்தான் நம்ம படத்த முன்னால காட்டுவானுவளாம்."

"அவனுக்கு ஆபீசு நெட்டு மக்கா. எனக்கு இஞ்ச நூறு ஏத்துனா மாசத்துல பாதி போச்சி. அதுல முப்பத திருப்பி அனுப்புவானுவ, போக்கஸ் கொள்ளாதுன்னு. திருப்பி அனுப்புன படத்துக்குள்ள எம்பியத் தருவானுவளா?"

முகம் தெரிகிற படமென்றால் இன்னும் செலவு. அந்த முகத்துக்கு உரியவர் கையெழுத்துப் போட்ட சம்மதத் தாளையும் ஸ்கேன் செய்து கூடவே ஏற்ற வேண்டும். அதனால் யூஜின் முகங்களை விட்டுவிட்டான். வலை பின்னுகிற விரல், கூடை சுமக்கிற தோள், மணலில் பதிந்த கால். அவனுடைய படங்களில் முட்டம் தலையில்லாத ஊராக இருந்தது. அவனுடைய அத்தை வியாகுலம்மாள், மீன் விற்றுவிட்டு வருகிற வழியில் அவனை மறித்துக் கேட்டாள்: "ஏம்ல, எனக்கக் கைய மட்டும் எடுத்துட்டுப் போற? மொகம் என்ன, அழுவியா போச்சி?"

"மொகத்துக்கு எம்பி கூட ஆவும் அத்தை."

"ஆவட்டும்ல. கெட்டிக்கிட்டுப் போகவா போற, எம்பிய?"

படங்களுக்கு இங்கிலீஷில் குறிச்சொற்கள் எழுதுவது ஷெர்லியின் வேலை. அவள் நாகர்கோவிலில் கல்லூரிக்குப் போனவள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பாறை, அலை, நுரை, புயல் என்று எழுதுவாள். யூஜின் பின்னால் நின்று, "'தனிமை'ன்னு ஒண்ணு சேத்துக்கோ. அது நல்லா ஓடும்" என்பான்.

எந்தப் படத்தை அனுப்புவது, எதை விடுவது என்று தீர்மானிப்பதுதான் அவனுக்குப் பெரும் பாடு. அதற்கு அவன் ஒரு வழி வைத்திருந்தான். ஒன்றாம் தேதி காலையில் கையிலிருக்கிற அத்தனை படங்களையும் வரிசையில் போட்டு ஓட விட்டுவிடுவான். மேலே இருப்பவை போய்க்கொண்டிருக்கும்போதே சாயாக் கிளாசோடு உட்கார்ந்து, அடியிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டுவான். "போறது போவட்டும். நிக்கதத்தான் வெட்டணும்" என்பான். வெட்டி முடிப்பதற்குள் இரண்டு சாயா ஆறிப்போகும்.

அன்றைக்கு வெட்டவில்லை.

கிழங்கு வெந்து, தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தபோது லிஜோ ஓடிவந்தான். ஷெர்லியின் சித்தி மகன். சந்திப்பில் ரீசார்ஜ் கடை வைத்திருப்பவன். "அக்கா, அத்தானுக்கு ஒரு மாதிரி வருது. ஆட்டோவில ஏத்தியாச்சி. நீ வா" என்றான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் வடிதட்டைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

கடற்கரையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்திருக்கிறது. யூஜின் கேமராவோடு மணலில் மண்டி போட்டிருக்கிறான். அவன் எப்போதும் அப்படி மண்டி போட்டுத்தான் எடுப்பான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தபோதும் படம்தான் எடுக்கிறான் என்று நினைத்து, ஏலம் கூறுகிறவர்களும் பெண்களும் அவன் கேமராவுக்கு வழிவிட்டு விலகி நின்றிருக்கிறார்கள். அவ்வளவு நாளும் அவன் கெஞ்சிக் கேட்டுப் பழக்கிய மரியாதை அது. நெற்றி மணலில் தட்டிய பிறகுதான் யாரோ கத்தியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் அதிக நேரம் இருக்க வேண்டியிருக்கவில்லை. மதியத்துக்குள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

பெங்களூரில் நர்சிங் படிக்கிற மகள் ஸ்மிதா வந்து சேர வேண்டும். அடக்கம் மறுநாள் என்று முடிவாயிற்று. குளிர்ப்பெட்டி வந்தது. அந்த வருடம் மின்வெட்டு நேரங்காலம் பார்ப்பதில்லை. பெட்டி நின்றுவிடக் கூடாது என்று பந்தல்காரர் ஜெனரேட்டரும் கொண்டுவந்து வைத்தார். மரண வீட்டில் முகம் தெரிகிற எதுவும் திறந்து கிடக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். வியாகுலம்மாள் துணிப்பெட்டியிலிருந்து வெள்ளை வேட்டிகளை எடுத்து நிலைக்கண்ணாடியை மூடினாள். டிவியை மூடினாள். உள்ளறைக்குப் போய், கறுத்துக் கிடந்த கம்ப்யூட்டர் திரையையும் மூடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். முன்னறையில் குளிர்ப்பெட்டி இரைந்தது. வெளியே ஜெனரேட்டர் இரைந்தது. உள்ளறையில் இன்னொரு சின்ன இரைச்சல் இருந்ததை யாரும் கேட்கவில்லை.

டிஜோவுக்குச் சொன்னது லிஜோ. வெகுநேரம் கழித்து ஷெர்லியிடம் போனைக் கொடுத்தார்கள்.

"மைனி" என்றான் டிஜோ. அண்ணியை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"ஒன்னால வர முடியாது, எனக்குத் தெரியும் மக்கா."

அவனுடைய பாஸ்போர்ட் முன்பு வேலை பார்த்த முதலாளியிடம் இருந்தது. அடி தாங்காமல் அவரை விட்டு ஓடிவந்து, வேறு இடத்தில் ஒளிந்து வேலை செய்துகொண்டிருந்தான். விமான நிலையத்துக்குப் போனால் பிடித்துக்கொள்வார்கள்.

"எனக்கு அப்பாவ அறியாது மைனி. ஒங்களுக்குத் தெரியும்லா. அண்ணன்தான் என்னத் தோள்ல வச்சி கடற்கரைக்குக் கொண்டு போவும். எனக்கு ஒண்ணும் வேண்டாம். பெட்டி மூடதுக்கு முன்ன அவனுக்க மொகத்த ஒருவாட்டி காட்டணும். அந்த நேரத்துல நானும் உங்ககூட நிக்கணும். அவ்வளவுதான்."

"காட்டுகேன் மக்கா."

"நெட்டு கிடைக்குமா மைனி?"

"இன்னைக்கு ஒண்ணாந்தேதிலா" என்றாள் ஷெர்லி. "முழுசும் அப்படியே இருக்கு."

மறுநாள் ஒரு வள்ளமும் கடலுக்குப் போகவில்லை. சாவு விழுந்தால் அடக்கம் முடிகிறவரை கரை அசையாது. கடைகளும் பூட்டிக் கிடந்தன. லிஜோவும் தன் கடையைத் திறக்கவில்லை. காலையில் ஸ்மிதா வந்தாள். பையைத் தோளிலிருந்து கழற்றாமலேயே பெட்டியின்மேல் கவிழ்ந்தாள். மதியத்துக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து மழை கனத்தது. கல்லறைத் தோட்டம் சேறாகிவிட்டது, அங்கே கொண்டுபோய்த் திறக்க முடியாது, கடைசி முத்தமான முத்தியை வீட்டிலேயே செய்து பெட்டியை மூடிவிடலாம் என்று ஜெபத்துக்கு வந்த பங்குச்சாமி சொன்னார். அடுத்த ஊரிலும் அவருக்கு அன்றைக்கு ஓர் அடக்கம் இருந்தது.

லிஜோ தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து, பெட்டியின் கால்மாட்டில் ஒரு முக்காலியில் வைத்தான். வெளியே சுற்றிப் போய், சன்னல் கம்பியில் கட்டியிருந்த டேட்டா கார்டை அவிழ்த்து, வயரிலிருந்து கழற்றி எடுத்து வந்தான். சட்டைத் துணியில் ஈரத்தைத் துடைத்துச் செருகினான்.

டிஜோ உடனே திரையில் வந்தான். பின்னால் இரண்டடுக்குக் கட்டில்கள் தெரிந்தன. கூட இருக்கிற பையன்கள் ஆளுக்கொரு மெழுகுதிரியோடு நின்றார்கள். டிஜோ வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்.

"கேக்குதா? மைனி, கேக்குதா?"

"கேக்குது மக்கா."

"மேல தூக்கச் சொல்லுங்க. எனக்கு ஒரு முதுகுதான் தெரியுது. ஆரு அது, அத்தையா? அத்தை, கொஞ்சம் மாறி நில்லுங்க."

வியாகுலம்மாள் திரும்பி, "எனக்க மக்கா, டிஜோ, பாத்தியா ஒனக்க அண்ணன் கெடக்க கெடப்ப" என்று லேப்டாப்பைப் பார்த்து ஓலமிட்டாள். சுற்றி நின்றவர்கள் அவளைப் பிடித்து அப்பால் இழுத்தார்கள். லிஜோ லேப்டாப்பைத் தூக்கி யூஜினின் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

டிஜோவின் வாய் திறந்தபடி அப்படியே நின்றது. மெழுகுதிரிச் சுடர்கள் அசையவில்லை.

"டிஜோ? எலே டிஜோ, தெரியுதா?"

ஒரு சொல் துண்டாக வந்தது. "...முதுகு..." பிறகு திரை சாம்பலானது. வட்டம் ஒன்று சுற்றத் தொடங்கியது.

லிஜோ கார்டைப் பிடுங்கித் திரும்பச் செருகினான். வாசலுக்குப் போனான். சன்னலுக்குப் போனான். திரையில் கம்பெனியின் செய்தி ஒன்று வந்து நின்றது. அவன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு ஷெர்லியிடம் வந்தான். "அக்கா, ரெண்டு ஜிபியும் தீந்து போச்சின்னு வருது."

"எப்படிலே தீரும்? இன்னைக்கு ரெண்டாந்தேதிதானே" என்றார் யாரோ.

ஷெர்லி சாத்திக் கிடந்த உள்ளறைக் கதவைப் பார்த்தாள். எல்லாத்தையும் வரிசையில போட்டுட்டேன் என்று அவன் சொன்னது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. நேற்றுப் பகலும் ராத்திரியும், குளிர்ப்பெட்டிக்காக வந்த ஜெனரேட்டரின் தயவில், வேட்டிக்கு அடியில் அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. வெட்டுவதற்கு ஆளில்லாமல் பாறைகளும் அலைகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்திருக்கின்றன.

லிஜோ தன் போனில் முயன்று பார்த்தான். அது பழைய வேகம். வட்டம் சுற்றியதோடு சரி. பங்குச்சாமியின் வீடான பங்குமேடையில் இருந்த இணைப்பு போன வாரம் இடி விழுந்தபோதே கெட்டிருந்தது. "கடையத் தொறந்து ஒரு டாப்அப் போட்டிரலாமா?" என்று யாரோ கேட்டார்கள். இது மாதக் கடைசியில் பில் வருகிற கனெக்‌ஷன், கடையில் ஒன்றும் செய்ய முடியாது, கம்பெனிக்காரன்தான் திறந்துவிட வேண்டும் என்று லிஜோ கத்தினான். கத்திக்கொண்டே வாடிக்கையாளர் எண்ணை அழுத்தினான். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான். முதலில் பாட்டு வந்தது. சவத்தைச் சுற்றி நின்று அத்தனை பேரும் அந்தப் பாட்டைக் கேட்டார்கள். பிறகு ஒரு பெண் வந்தாள்.

"வணக்கம் சார், உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?"

லிஜோ சொன்னான்.

"புரியுது சார். கூடுதல் டேட்டா போட்டுக்கலாம் சார். கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கு?"

"யூஜின்."

"மிஸ்டர் யூஜின் பேசறீங்களா?"

"இல்ல, நான் அவருக்க மச்சினன்."

"அக்கவுண்ட் ஹோல்டர் கிட்டதான் நாங்க பேச முடியும் சார். அவரைக் கொஞ்சம் லைன்ல கொடுங்க."

"அவரு இஞ்சதான் கெடக்காரு தங்கச்சி" என்றான் லிஜோ. "பெட்டியில கெடக்காரு. அவருக்க தம்பிக்கு மொகம் காட்டதுக்குத்தான் கேக்கேன்."

"சாரி சார்" என்றாள் அந்தப் பெண். அவள் குரல் மாறியிருந்தது. "என் சிஸ்டம்ல அதுக்கு வழி இல்ல சார். டெத் சர்டிபிகேட்டோட பக்கத்து ஆபீசுக்கு..."

வியாகுலம்மாள் போனைப் பிடுங்கினாள். "பிள்ள, நீ ஆரு பெத்த மக்களோ. ஒனக்கு ஒரு தம்பி உண்டா? ஒரு செத்த நேரம் தொறந்து விடு மக்கா. நாங்க பாத்துட்டு மூடிருவோம்."

"சாரிம்மா" என்றாள் அவள் மறுபடியும். அவளாகத் துண்டிக்கவில்லை. இந்தப் பக்கம் லிஜோதான் அணைத்தான்.

பங்குச்சாமி ஒரு தடவை வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அவர் அவசரப்படுத்தவில்லை. கழுத்தில் கிடந்த ஸ்தோலாத் துண்டின் நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். முற்றத்தில் ஆண்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நனைந்தார்கள். பந்தலின் நடுவில் தண்ணீர் தேங்கித் தொங்கியது. ஒருவர் கம்பால் குத்தி வடித்தார்.

டிஜோ போனில் கூப்பிட்டான். ஷெர்லி எடுத்தாள்.

"கெட்டுப் போச்சா மைனி?"

"தீந்து போச்சி மக்கா. நேத்து காலம்ப படமெல்லாம் ஏத்துவதுக்குப் போட்டுட்டுப் போனாவ. நிப்பாட்ட ஆருக்கும் தோணல. எனக்கும் தோணல."

அவன் "எல்லாம் ஏறிச்சா?" என்று கேட்டான்.

"தெரியாது."

"ஏறியிருக்கும். இல்லாம எப்படித் தீரும்?" என்றான். அழுகையா இருமலா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. "மழை பெய்யிதா அங்க? எனக்குச் சத்தம் கேக்குது."

"பெய்யிது."

"எல்லாரையும் நனைய விடாண்டாம் மைனி. மூடச் சொல்லுங்க. போன மட்டும் அண்ணனுக்க பக்கத்துல வையுங்க."

ஸ்மிதா போனை வாங்கி அப்பாவின் காதோரம் பிடித்தாள். டிஜோ என்ன சொன்னான் என்று அவளுக்குக் கேட்டிருக்கும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொருவராக வந்து நெற்றியில் முத்தினார்கள். ஷெர்லி கடைசியில் முத்தினாள். அவன் புருவத்துக்குள் கடற்கரை மணல் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. சாமி ஜெபம் சொன்னார். மூடியை இரண்டு பேர் தூக்கி வைத்தபோது மரத்தில் மரம் உட்காருகிற சத்தம் எழுந்தது.

"அது என்ன சத்தம்?" என்று போனில் கேட்டான் டிஜோ.

ஸ்மிதா அம்மாவிடம் போனை நீட்டினாள்.

"மூடியாச்சி மக்கா" என்றாள் ஷெர்லி.

ஏழாம் நாள் பூசை முடிந்து வந்து வியாகுலம்மாள் துணிகளை எடுத்தாள். கண்ணாடி, டிவி, பிறகு உள்ளறை. இடையில் மின்வெட்டில் அணைந்திருந்த கம்ப்யூட்டரை ஷெர்லி போட்டதும், படம் அனுப்புகிற சாப்ட்வேர் திறந்தது. எல்லாக் கோப்புகளும் அனுப்பப்பட்டன, தவறியது எதுவுமில்லை என்று எழுதியிருந்தது. அத்தனை வருடத்தில் அப்படி ஒரு வரியை யூஜின் பார்த்ததே இல்லை. பாதியில் அறுந்துவிடும், இல்லாவிட்டால் அவனே அறுப்பான்.

"என்னட்டி எழுதியிருக்கு?" என்றாள் வியாகுலம்மாள்.

"எல்லாம் போய்ச் சேந்துட்டாம் மாமி."

வியாகுலம்மாள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பாவி" என்றாள். யாரைச் சொன்னாள் என்று ஷெர்லி கேட்கவில்லை.

போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. குறிச்சொல் எழுதிக் கொடுத்தால்தான் கம்பெனி எடுத்துக்கொள்ளும். அந்த மாதம் முழுக்க இணைப்பு இழுத்துக்கொண்டு கிடந்ததால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. அவள் காத்திருந்தாள். லிஜோ அலைந்து கனெக்‌ஷனை அவள் பெயருக்கு மாற்றித் தந்தான். ஆகஸ்டு ஒன்றாம் தேதி தலை சீவிக்கொண்டு அவளே உட்கார்ந்தாள். அன்றைக்கு முதலில் ஏற்றியது விற்பனைக்கான படம் இல்லை. மணவாளக்குறிச்சியிலிருந்து வந்த வேறொரு ஸ்டுடியோக்காரர் அடக்கத்தில் எடுத்திருந்த படங்களில், யூஜினின் முகம் தெளிவாகத் தெரிகிற இரண்டைக் கனம் குறைக்காமல் அப்படியே டிஜோவுக்கு மெயிலில் அனுப்பினாள். அதற்குப் பிறகுதான் பாறைகளுக்கு வந்தாள். பாறை, அலை, நுரை, மழை. சில படங்களுக்குத் 'தனிமை' என்பதை அகராதியைத் திறக்காமலேயே எழுத வேண்டியிருந்தது.

கம்பெனி அநேகமாக எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. அவன் வெட்டியிருப்பான் என்று அவள் நினைத்த படங்கள்கூட விற்றன. ஒரே பாறையை ஒரே அலை அடுத்தடுத்து மோதுகிற ஐந்து படங்களில் நான்காவதை இன்றுவரை யாராவது எங்கிருந்தாவது இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். நார்வே என்று வரும். பிரேசில் என்று வரும். ஸ்மிதா வேலைக்குச் சேர்ந்தாள். வியாகுலம்மாளும் போய்ச் சேர்ந்தாள். பிறகு ஒரு நாளைக்கே ஒரு ஜிபி என்று கொட்டிக் கொடுக்கிற காலம் வந்தது. டிஜோ இன்னும் குவைத்தில்தான் இருக்கிறான். வெள்ளிக்கிழமைதோறும் வீடியோவில் வருகிறான். அடுப்பில் என்ன வேகிறது என்பதுவரை காட்டச் சொல்கிறான். படம் ஒரு இடத்திலும் நிற்பதில்லை.

அவள் எப்போதாவது கேட்பாள். "மக்கா, அண்ணனுக்க படத்தப் பாத்தியா?"

"பாக்கணும் மைனி" என்பான். "தெறக்காத மெயிலெல்லாம் கறுத்த எழுத்துலதான் இருக்கும். தெறந்தா வெளுத்துப் போவும்லா."

போன வெள்ளிக்கிழமையும் கேட்டாள். கறுத்த எழுத்தில்தான் கிடக்கிறது என்றான்.